விசில் கைமாறியபோது



வேறொருவர் நடத்திவந்த வீட்டையோ கடையையோ சங்கத்தையோ திடீரென்று பொறுப்பேற்று நடத்த வேண்டிய நிலை நம்மில் பலருக்குப் பழக்கமானதே. கணவர் இருந்த இடத்தில் மனைவி நிற்கிறாள். தாய் இருந்த இடத்தில் மூத்த மகள் நிற்கிறாள். போர் நம் பெண்களில் ஆயிரக்கணக்கானோரை இப்படித்தான் குடும்பத்தின் தலைமைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் யாரும் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவர்கள் அல்லர்.

இந்த மாதம் உங்களுக்கு ஒரு விளையாட்டு அணியின் கதையைச் சொல்லப் போகிறேன். அமெரிக்காவின் டெனசிப் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்தாட்ட அணி 2012 நவம்பர் முதல் 2013 ஏப்ரல் வரை ஆடிய ஒரு பருவகாலத்தின் கதை அது. நான் பாடசாலை நாட்களில் வலைப்பந்து ஆடியவள். பின்னர் பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றினேன். அதனால் இந்த அணியைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது பந்தைப் பற்றிய கதை மட்டுமல்ல என்று தோன்றியது.

நம் பெண்களுக்குக் கூடைப்பந்தை விட வலைப்பந்துதான் பரிச்சயம். வலைப்பந்தில் ஏழு பேர். பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. கூடைப்பந்தில் ஐந்து பேர். பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டே ஓடலாம். வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகையும் இருக்கும். மற்றபடி இரண்டிலும் வேண்டியது ஒன்றுதான்: தோழி எங்கே நிற்கிறாள் என்று பார்க்கும் கண்.

பதவியில் இருந்தவர்

டெனசி அணியைப் பற்றிப் பேசினால் பாட் சம்மிட் என்ற பெண்மணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பண்ணைக் குடும்பமொன்றில் 1952இல் பிறந்தவர் அவர். வைக்கோல் பரணில் அண்ணன்மாரோடு பந்தாடிப் பழகியவர். அவர் படிக்க வேண்டிய பாடசாலையில் பெண்களுக்கு அணி இல்லை என்பதற்காக, அணி உள்ள ஊருக்குக் குடும்பமே இடம் மாறியது.

1974இல், 22 வயதில், டெனசிப் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்றுநரானார். அன்று அவருக்குக் கிடைத்த சம்பளம் மாதம் 250 டொலர். அணியின் உடுப்புகளை அவரே தோய்த்தார். வெளியூர் ஆட்டங்களுக்கு வானை அவரே ஓட்டினார். பெண்களின் கூடைப்பந்தைப் பலர் பொருட்படுத்தாத காலம் அது. அங்கிருந்து 38 பருவகாலங்கள் அவர் அந்த அணியை நடத்தினார். 1,098 ஆட்டங்களில் வென்றார். எட்டுத் தடவை தேசிய சம்பியன் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். எனக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அவரிடம் தங்கள் காலம் முழுவதும் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் பெற்றே வெளியேறினாள்.

2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவர் ஓர் அறிவிப்பை விடுத்தார். தனக்கு அல்சைமர் நோய் ஆரம்பித்துவிட்டது என்றார். ஞாபகசக்தியைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய் அது. அப்போது அவருக்கு வயது 59 மட்டுமே. நோயை மறைத்து வைக்கவில்லை. தன் வாயாலேயே உலகுக்குச் சொன்னார். அடுத்த பருவகாலத்தையும் பயிற்றுநராகவே நடத்தினார். ஆனால் அந்த ஆண்டில் ஆட்ட நேரத்துப் பொறுப்புகளில் பெரும்பகுதியை அவருடைய உதவிப் பயிற்றுநர் ஹொலி வோர்லிக் சுமந்தார்.

2012 ஏப்ரலில் பாட் சம்மிட் பதவியிலிருந்து விலகினார். பத்திரிகையாளர் முன்னிலையில் ஒரு விசிலை எடுத்து வோர்லிக்கின் கையில் கொடுத்தார்.

பொறுப்பேற்றவர்

ஹொலி வோர்லிக் வெளியாள் அல்லர். டெனசிப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் நொக்ஸ்வில் நகரத்துப் பெண். 1976 முதல் 1980 வரை பாட் சம்மிட்டின் அணியில் ஆடியவர். 1980ஆம் ஆண்டு மொஸ்கோ ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியிலும் தெரிவானார். ஆனால் அமெரிக்கா அந்தப் போட்டிகளைப் பகிஷ்கரித்ததால் போக முடியவில்லை. 1985இல் பழைய அணிக்கே உதவிப் பயிற்றுநராகத் திரும்பி வந்தார். 27 ஆண்டுகள் ஒருவருக்குப் பக்கத்திலேயே இருந்து வேலை செய்தவர்.

அப்படிப்பட்டவருக்கும் அந்த இடம் சுலபமாக இருக்கவில்லை. அணியின் தூண்களாக இருந்த ஐந்து மூத்த வீராங்கனைகள் அந்த ஆண்டு படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் இருவர், தொழில்முறை மகளிர் லீக்குக்கு 2012இல் நடந்த வீராங்கனைகள் தெரிவில் முதல் நான்கு இடங்களுக்குள் எடுக்கப்பட்டவர்கள். உதவிப் பயிற்றுநர்களில் ஒருவரைத் தவிர ஏனையோர் புதியவர்கள்.

இன்னொரு பாரமும் இருந்தது. அவருடைய குரு இறந்துவிடவில்லை. கௌரவத் தலைமைப் பயிற்றுநர் என்ற பெயரோடு அதே ஊரில் இருந்தார். உள்ளூர் ஆட்டங்களைப் பார்க்க வந்தார். இருக்கிறார், ஆனால் முன்போல் இல்லை. போரில் தலையில் காயப்பட்ட கணவரைப் பராமரிக்கும் சகோதரிகளுக்கு இந்த நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. கண்முன்னே இருப்பவருக்காக அழவும் முடியாது, அவரிடம் யோசனை கேட்கவும் முடியாது.

முதல் நாளே தோல்வி

2012 நவம்பர் 9ஆம் திகதி வோர்லிக்கின் முதல் ஆட்டம் நடந்தது. எதிரணி அதே மாநிலத்தில் உள்ள சட்டனூகா பல்கலைக்கழகம். டெனசியோடு ஒப்பிட்டால் சிறிய பெயர். அந்த அணியிடம் டெனசி 80-71 என்று தோற்றது.

எட்டுக் கிண்ணம் வென்ற அணி முதல் ஆட்டத்திலேயே அயலூர் அணியிடம் தோற்றால் சனங்கள் என்ன பேசுவார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். எந்த ஊரிலும் சனங்கள் சனங்கள்தான்.

ஆனால் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஓர் உண்மை கிடைத்தது. 1974 டிசம்பரில் பாட் சம்மிட் பயிற்றுநராக நின்ற முதல் ஆட்டத்தில், மேர்சர் பல்கலைக்கழகத்திடம் ஒரே ஒரு புள்ளியால் தோற்றார். 84-83. அந்த முதல் பருவகாலத்தில் அவருடைய அணி வென்றது 16, தோற்றது 8. பிறகு வந்த 1,098 வெற்றிகளுக்கு முன்னால் நின்றது ஒரு தோல்வி. நாம் ஒருவரின் முப்பது வருட அனுபவத்தை மற்றவரின் முதல் நாளோடு வைத்துத் தராசில் நிறுக்கிறோம். இது எந்த விதத்தில் நியாயம்?

பருவகாலம் நகர்ந்தது

வோர்லிக் தன் குருவைப் போல நடிக்கப் போகவில்லை. அணி இளையது என்பதைத் தெரிந்துகொண்டு, வேகமாக ஓடி ஆடும் முறையைக் கொண்டுவந்தார். எதிரணி பந்தை எடுத்த உடனேயே நெருக்கும்படி பழக்கினார். மீகன் சிமன்ஸ் என்ற மூன்றாம் ஆண்டு மாணவி புள்ளி சேர்ப்பதில் முன்னின்றார். முதலாம் ஆண்டு மாணவியான பஷாரா கிரேவ்ஸ் வளையத்தடியில் உறுதியாக நின்றார்.

டிசம்பரில் பெய்லர், ஸ்டான்போர்ட் ஆகிய பலமான அணிகளிடம் தோற்றார்கள். 2013 ஜனவரி 28ஆம் திகதி, பாட் சம்மிட்டைக் கௌரவித்து விளையாட்டரங்கின் கூரையில் ஒரு பதாகை ஏற்றப்பட்டது. அந்த இரவு நொட்ரடாம் அணியிடமும் தோற்றார்கள். விழா எடுத்த நாளில் வெற்றி கிடைத்திருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

ஆனால் தங்கள் பிராந்தியத்து அணிகளோடு நடந்த போட்டிகளில் அந்த இளம் பிள்ளைகள் உறுதியாக நின்றார்கள். தென்கிழக்குப் பிராந்தியக் கூட்டமைப்பின் 16 ஆட்டங்களில் 14இல் வென்று முதலிடத்தைப் பிடித்தார்கள்.

மார்ச் மாதம் தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கியது. 64 அணிகள், ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டெனசி முதலில் ஓரல் ரொபர்ட்ஸ் அணியையும், பின்னர் கிரைட்டன் அணியையும், அதன் பின் ஒக்லஹோமா அணியையும் வென்றது. கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. ஏப்ரல் 2ஆம் திகதி லூயிவில் அணியைச் சந்தித்தது. அந்த லூயிவில் அணி, முந்தைய ஆண்டுச் சம்பியனான பெய்லரை இரண்டு நாட்களுக்கு முன்தான் ஒரு புள்ளியால் வீழ்த்தியிருந்தது. டெனசியும் அவர்களிடம் 86-78 என்று தோற்றது.

மொத்தக் கணக்கு: 27 வெற்றி, 8 தோல்வி. கிண்ணம் இல்லை. ஆனால் அணி கலைந்து போகவில்லை. பாட் சம்மிட் தன் கடைசிப் பருவகாலத்தில் அணியைக் கொண்டுவந்து நிறுத்திய அதே இடத்துக்கு, கடைசி எட்டுக்கு, புதியவரும் கொண்டுவந்து சேர்த்தார்.

அதற்குப் பிறகு

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் அது பாதி உண்மையாகிவிடும். பாட் சம்மிட் 2016 ஜூன் 28ஆம் திகதி, தன் 64ஆவது வயதில் காலமானார். வோர்லிக் ஏழு பருவகாலங்கள் அணியை நடத்தினார். 172 ஆட்டங்களில் வென்றார், 67இல் தோற்றார். மூன்று தடவை கடைசி எட்டுக்குள் வந்தார். ஒரு தடவையேனும் சம்பியன் கிண்ணம் கிடைக்கவில்லை. 2019 மார்ச் மாதம் பல்கலைக்கழகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

வேறோர் அணியில் இந்தக் கணக்குக்கு மாலை போட்டிருப்பார்கள். டெனசியில் அது போதவில்லை. எட்டுக் கிண்ணத்தின் நிழல் அவ்வளவு நீளமானது.

மறதி என்று ஒதுக்காதீர்கள்

இந்தக் கதையோடு சேர்ந்த ஒரு சுகாதாரச் செய்தியையும் சொல்ல வேண்டும். அல்சைமர் நோய் வயது முதிர்ந்தவர்களுக்கே அதிகம் வருகிறது. ஆனாலும் 65 வயதுக்கு முன்னரும் சிலருக்கு வரலாம். சற்று முன் சொன்னதை மறத்தல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், நெடுநாள் பழகிய வேலையில் தடுமாறுதல், தெரிந்த பாதையில் வழி தவறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இது பைத்தியமும் அல்ல, செய்வினையும் அல்ல. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் அறிகுறிகளைத் தணிக்கும் மருந்துகள் உண்டு.

எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தீராத கவலை, நித்திரையின்மை, தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே வீட்டில் ஒருவருக்கு மறதி கூடிக்கொண்டு போனால் வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பாட் சம்மிட் செய்த பெரிய காரியம், தன் கை இயங்கும்போதே விசிலைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். நம் வீடுகளிலும் சங்கங்களிலும் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. காணி உறுதி எங்கே இருக்கிறது, வங்கிப் புத்தகம் எது, யாருக்கு எவ்வளவு கடன் என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் இல்லாத நாளில் மற்றவர்கள் இருட்டில் தேடுகிறார்கள். மூத்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரிந்ததை இன்றே ஓர் இளையவளுக்குக் காட்டிக்கொடுங்கள். கணக்குக் கொப்பியை அவள் கையால் எழுத விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவள் பிழை விட்டுத் திருந்தட்டும்.

பொறுப்பேற்றிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு முன்பு இருந்தவரின் நடை உங்களுக்கு வராவிட்டால் வருந்த வேண்டாம். உங்களிடம் யார் யார் இருக்கிறார்கள், அவர்களால் என்ன முடியும் என்று பாருங்கள். அதற்கேற்ப உங்கள் வழியை அமையுங்கள். முதல் தோல்வி வரும். அதை எழுதி வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. சங்கத்துக்குப் புதிதாகத் தலைவியாக வந்தவளைப் பார்த்து, “அந்த அக்கா இருந்தால் இப்படி நடந்திருக்குமா?” என்று கேட்பது எளிது. கணவரின் கடையை நடத்தும் பெண்ணிடம், “அவர் இருந்த காலத்தில் சாமான் நிறைய இருந்ததே” என்பதும் எளிது. அடுத்த முறை அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தால், அதை விட்டுவிட்டு, “இன்றைக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்கு ஒரு பருவகாலமாவது அவகாசம் கொடுங்கள்.