வாடகை வீடும் காப்புறுதியும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்றும் அவர்கள் சேர்த்திருக்கலாம். லயத்துக் காம்பிராவிலே வளர்ந்து, கடையிலோ பாடசாலையிலோ உழைத்த பணத்தில் பதுளையிலும் பண்டாரவளையிலும் வீடு கட்டி, அதன் வாடகையை முதுமைக்குத் துணையாக எண்ணும் குடும்பங்கள் ஊவாவில் உண்டு. குடிவந்தவர் வாடகை தராது இழுத்தடித்தால், போகும்போது கதவையும் குழாயையும் உடைத்துச் சென்றால், என் செய்வது? "காப்புறுதி இருக்கிறதே" என்று ஆறுதல் கொள்வோரின் பத்திரத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

வீட்டுக்குச் சாதாரணமாக எடுக்கப்படுவது தீக் காப்புறுதி. தீயும் மின்னலுமே அதன் அடிப்படை. வெள்ளம், மண்சரிவு, கலகம், பிறர் வேண்டுமென்றே செய்யும் சேதம் என்பனவற்றைக் கேட்டு, மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். 1983 யூலையில் பதுளையில் தமிழருடைய வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்டவருக்கு இதன் பொருள் விளங்கும். எரித்தது தீயேயாயினும், மூட்டியது கலகமாயின் வெறும் தீக் காப்புறுதி கைகொடாது.

வேண்டுமென்றே செய்யும் சேதத்திலும் ஒரு முடிச்சு உண்டு. உரிமையாளரே உள்ளே அனுமதித்தவர் செய்த சேதத்தை விலக்கிவிடும் பத்திரங்கள் பல. வாடகைக் குடியிருப்பாளர் அத்தகையவர்தாமே! வாடகை இழப்புப் பிரிவும் அவ்வாறே. வீடு எரிந்து குடியிருக்க இயலாதபோது அது உதவும், பாக்கி வைப்பவருக்காக உதவாது. இங்கிலாந்தில் பாக்கிக்கென்றே தனிக் காப்புறுதி விற்கப்படுகிறது. ஆயினும் அங்கும் குடிவருபவரைப் பற்றி முன்கூட்டியே விசாரித்திருத்தல் வேண்டும்.

ஆகவே தொல்லை தரும் குடியிருப்பாளருக்கு எதிரான முதற்காவல் எழுத்திலான உடன்படிக்கையும் முற்பணமுமே என்பது நமது கருத்து. தெரிந்தவர், ஊர்க்காரர் என்று வாய்ச்சொல்லோடு திறப்பைக் கொடுப்பது நம்மவரின் பெருந்தன்மைதான். நீதிமன்றத்திலோ அதற்கு மதிப்பில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்கு வலுவான அரணாக அமைந்தது. எனினும் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி உபவாடகைக்கு விடுவதையும், வீட்டைப் பாழாக்குவதையும் வெளியேற்றுதற்குரிய காரணங்களாக அது ஏற்றது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து கட்டடத்தை மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழியை வகுத்தது.

குடியிருப்பாளரும் ஒன்றை அறிதல் நன்று. வீட்டுக்காரரின் பத்திரம் சுவரையும் கூரையையும் காக்கும். குடியிருப்பவரின் தையல் இயந்திரத்தையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் காக்காது. அவற்றுக்கு அவரே வேறு பத்திரம் எடுத்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தோரிடம், தம் பெயரில் வீட்டைக் காப்புறுதி செய்ய, அந்த வீட்டுக்கான உறுதியே இருக்கவில்லை.