குரோமோசோமில் குறைந்த துண்டும் மூளையில் கூடிய டோபமைனும்

மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் மூளையில் டோபமைன் உற்பத்தி சராசரியாகக் கூடுதல் என்று பல பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, ஆண்டுக்கணக்கில் மருந்து உண்டதன் தடமா என்பது படத்தைப் பார்த்து மட்டும் தெரியாது. இதைப் பிரித்தறியப் பிறவியிலேயே மரபணு மாற்றம் உள்ளவர்களை ஆராய்வதுதான் நல்ல வழி என்பது என் வாதம். 22ஆம் குரோமோசோமின் ஒரு பிரதியில் சுமார் 30 லட்சம் கார இணைகள் நீளமுள்ள துண்டு இல்லாமல் சிலர் பிறக்கிறார்கள். இதயக் கோளாறு, அண்ணக் குறைபாடு, கால்சியக் குறைவு ஆகியவை இவர்களிடம் அதிகம். இவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வளர்ந்தபின் மனச்சிதைவு அல்லது அதையொத்த நோய் வருகிறது. பொதுமக்களில் மனச்சிதைவு நூற்றில் ஒருவர் அளவுதான். அதே துண்டு ஒரு பிரதி கூடுதலாக இருப்பவர்களுக்கோ மனச்சிதைவு அபாயம் குறைவு என்று தெரிகிறது. இயற்கையே அமைத்துத் தந்த அரிய ஒப்பீடு இது.

டோபமைனைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றான காம்டியின் மரபணு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. இந்தத் துண்டு டோபமைன் உற்பத்தியைப் பாதிக்கிறதா என்று அறிய, ஆராய்ச்சியாளர்கள் கதிரியக்க ஃபுளோரின் பொருத்திய டோபா என்ற டோபமைன் மூலப்பொருளைச் சிரையில் செலுத்துகிறார்கள். டோபமைன் செல்கள் அதை உள்ளிழுத்து மாற்றும் வேகத்தை, வெளிவரும் காமாக் கதிர்களை வைத்து பெட் ஸ்கேனர் கணக்கிடுகிறது. 2021இல் லண்டன் ஆய்வுக் குழு வெளியிட்ட முடிவில், மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமைன் உற்பத்தித் திறன் துண்டு குறைந்தவர்களிடம் அதிகமாகவும், கூடியவர்களிடம் குறைவாகவும், மற்றவர்களிடம் இடைப்பட்டும் இருந்தது. பிரதி கூடக் கூட உற்பத்தி குறையும் இந்த வரிசைதான் என்னை நம்ப வைக்கிறது. மருந்தோ நோயோ மரபணுவை மாற்றியிருக்க முடியாது. கூடுதல் பிரதி உள்ளவர்களிடம் உற்பத்தி இயல்பைவிடக் குறைவதற்கும் நோய் விளக்கமாகாது.

சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நிலையை வைத்து எல்லா மனச்சிதைவையும் விளக்கலாமா என்று கேட்பது நியாயம். விளக்க முடியாது, நோய்க்குப் போகும் பாதைகளில் ஒன்றாவது டோபமைன் வழியாகச் செல்கிறது என்பதற்கான வலுவான சான்று மட்டுமே இது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே, குழுக்களின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். எனவே ஒரு தனிமனிதருக்கு நோய் வருமா என்று இந்த ஸ்கேனால் சொல்ல இயலாது. இந்தக் குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோர் ஸ்கேனைத் தேடி அலைய வேண்டாம். பதின்ம வயதில் பிள்ளை ஒதுங்கத் தொடங்கினாலோ, காரணமின்றிச் சந்தேகப்பட்டாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.