கொழுத்ததைத் தேடாத குளவி

சென்ற விடுமுறையில் அம்மாவின் மிளகாய்ச் செடியில் அசுவினிப் பூச்சிகள் மொய்த்தன. அவற்றுள் சில உப்பிப்போய், பழுப்பு நிறத்தில், அசையாமல் இலையோடு ஒட்டிக்கிடந்தன. நோய் முற்றியவை என்று நினைத்து, அந்த இலைகளைத்தான் முதலில் கிள்ளிக் குப்பையில் போட்டேன்.

பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படித்தபோதுதான் என் தவறு புரிந்தது. அவற்றுக்கு ‘மம்மி’ என்று பெயர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்திருக்கும். செடியைக் காக்க வந்தவற்றை நானே அழித்துவிட்டேன்.

இத்தகைய குளவிகளில் அதிகம் ஆராயப்பட்டது ஆஃபிடியஸ் எர்வி. பட்டாணி அசுவினியைக் கட்டுப்படுத்த 1959-இல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நீளம் சில மில்லிமீட்டர்தான். தாய்க்குளவி அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். பிள்ளைக்கு வீடும் உணவும் அந்த ஓர் அசுவினிதான். ஆகவே, தேர்வு தவறினால் பிள்ளை பிழைக்காது.

தேடல் வாசனையில் தொடங்குகிறது. அசுவினி சாற்றை உறிஞ்சும்போது செடி சில வேதிப்பொருள்களைக் காற்றில் வெளியிடும். குளவி அதைப் பின்தொடர்ந்து வரும். இலையில் அசுவினி விட்ட இனிப்புத் திரவம் அடுத்த தடயம். பிறகு உணர்கொம்புகளால் தொட்டுப் பார்க்கும். இறுதியில் வயிற்றைக் கால்களுக்கிடையே முன்னோக்கி வளைத்து, முட்டையிடும் ஊசியால் குத்தும். அந்த ஊசி உள்ளே இருப்பதையும் உணரும். வேறொரு குளவி முந்திக்கொண்டிருந்தால், பெரும்பாலும் முட்டையிடாமல் விலகிவிடும்.

கொழுத்த அசுவினிதானே நல்லது என்று நாம் நினைப்போம். ஆனால் வளர்ந்த அசுவினி உதைக்கும். பிசுபிசுப்பான திரவத்தைக் குளவிமேல் பூசும். மிகச் சிறியதில் உணவு குறைவு. முட்டையிட்ட பிறகும் அசுவினி சில நாள் வளரும் என்பதால், நடுத்தரமானதே பல வேளைகளில் ஏற்றதாகிறது.

அசுவினிக்கும் ஒரு கவசம் உண்டு. சில பட்டாணி அசுவினிகளின் உடலில் வாழும் ஹாமில்டோனெல்லா டிஃபென்சா என்ற பாக்டீரியா, குளவியின் வாரிசை வளரவிடாமல் கொல்ல உதவுகிறது. அத்தகைய அசுவினிகளில் குளவி பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு முட்டைகளை இடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிழைப்பது ஒன்றுதான், ஆனாலும் அதன் வாய்ப்பு கூடுகிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுச் செடியில் மருந்தடிக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உப்பிய பழுப்பு மம்மிகள் தெரிந்தால் அந்த இலையை விட்டுவையுங்கள். மம்மியில் வட்டமான துளை இருந்தால், குளவி வெளியேறி அடுத்த அசுவினியைத் தேடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.