ஆவணப்பட வழிகாட்டி என்ன செய்கிறார்?

ஆவணப்படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். இன்று கைப்பேசியே போதும். எடிட்டிங் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. எளிதில் கிடைக்காதவர் ஒருவர்தான்: எடுத்து வந்த காட்சிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்து, மனத்தில் பட்டதைச் சொல்லும் அனுபவசாலி. அவரைத்தான் வழிகாட்டி என்கிறோம்.

ஏன் தேவை?

கதைப்படத்துக்குப் பெரும்பாலும் திரைக்கதை முன்பே எழுதப்பட்டிருக்கும். ஆவணப்படத்தின் கதையோ எடுக்க எடுக்கத்தான் தெரியவரும். சிகாகோவின் இரண்டு கூடைப்பந்துச் சிறுவர்களைப் பற்றிய ‘ஹூப் ட்ரீம்ஸ்’ 30 நிமிடக் குறும்படமாகத்தான் திட்டமிடப்பட்டது. படப்பிடிப்பு ஏறக்குறைய 5 ஆண்டுகள் நீண்டு, சுமார் 250 மணி நேரக் காட்சிகள் சேர்ந்தன. 1994இல் வெளியானபோது படத்தின் நீளம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். இவ்வளவு காட்சிகளுக்குள் படம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது புதியவருக்குத் தனியாக முடிகிற காரியம் அல்ல.

எப்படிச் சொல்லித்தருகிறார்கள்?

வழிகாட்டுதல் எப்படி நடக்கிறது என்பதற்குப் பாரிஸில் இயங்கும் ‘அத்தெலியே வரான்’ பயிலகம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் தொடக்கம் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில். அந்நாடு 1975இல் விடுதலை பெற்றது. புதிய நாட்டைப் படம்பிடிக்க 1978இல் அந்நாட்டு அரசு வெளிநாட்டு இயக்குநர்களை அழைத்தது. அவர்களில் ஒருவரான ழான் ரூஷ், உங்கள் நாட்டை உங்கள் இளைஞர்களே எடுக்கட்டும், நாங்கள் சொல்லித்தருகிறோம் என்றார். சூப்பர் 8 என்ற சிறிய ஃபிலிம் கேமராக்களோடு அங்கே நடந்த பயிற்சியின் தொடர்ச்சியாக 1981இல் உருவானதுதான் வரான்.

வரானில் நீண்ட விரிவுரைகள் இல்லை. சேரும் ஒவ்வொருவரும் ஒரு படம் எடுத்தாக வேண்டும். எடுத்த ரஷ்ஷை, அதாவது இன்னும் எடிட் செய்யாத காட்சிகளை, குழு முழுவதும் சேர்ந்து பார்க்கும். அப்போது வழிகாட்டி கேள்விகள் கேட்பார். இந்த அம்மா பேசி முடித்ததும் ஏன் உடனே கேமராவை நிறுத்தினாய்? வேலை செய்யும் கையைக் காட்டாமல் முகத்தை மட்டும் ஏன் எடுத்தாய்? எடுத்தவர் பதில் தேட வேண்டும். மறுநாள் போய் மீண்டும் எடுக்க வேண்டும். நண்பரின் ரஷ்ஷைப் பார்க்கும்போதே தன் படத்தின் குறையும் புலப்படும்.

எங்கெல்லாம் துணை நிற்கிறார்?

முதலில் கருவில். ‘தண்ணீர்ப் பிரச்சினை’ என்பது தலைப்புதான். எந்தத் தெரு, எந்தக் குடும்பம், எத்தனை மணிக்குக் குடம் தூக்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு அதைப் படமாகச் சுருக்க உதவுகிறார்.

அடுத்து, படத்தில் வரும் மனிதர்களின் பாதுகாப்பில். ஒருவர் சம்மதம் தந்துவிட்டார் என்பதாலேயே எல்லாவற்றையும் காட்டிவிட முடியாது. படம் வந்தபின் அவருடைய வேலைக்கோ உயிருக்கோ ஆபத்து வருமா என்று யோசிக்கப் பழக்குவது வழிகாட்டியின் முதன்மையான கடமை.

பிறகு எடிட்டிங்கில். சிரமப்பட்டு எடுத்த காட்சியை வெட்ட இயக்குநருக்கு மனம் வராது. அந்தச் சிரமத்தை அறியாத கண்ணோடு பார்க்கும் வழிகாட்டியால்தான் அது படத்துக்குத் தேவையா என்று சொல்ல முடியும்.

யாரைத் தேடலாம்?

பெயர் பெற்றவரைவிட நேரம் தருபவரைத் தேடுங்கள். அப்படி நேரம் தந்தவர்களில் ஒருவர் செவெரன் பிளான்ஷே. வரானின் தொடக்கக் காலத்திலிருந்தே பணியாற்றிய அவர் 2006 முதல் காபூலில் ஆப்கன் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். 2010 பிப்ரவரியில் காபூலில் நடந்த தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். போரால் உடைந்த நகரத்தை வெளியூர்க் கேமராக்கள் ஏராளமாகக் காட்டிவிட்டன. அந்நகரத்துப் பிள்ளைகளே அதைக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அவர் திரும்பத் திரும்ப அங்கே போனார்.

நல்ல வழிகாட்டியைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. அவரிடம் பயின்றவர்களின் படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். எல்லாம் அவர் எடுத்த படம்போலவே இருந்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு மனிதரின் பார்வையாக இருந்தால், உங்கள் ரஷ்ஷை எடுத்துக்கொண்டு தயங்காமல் அவரிடம் போகலாம்.