நடுங்கும் பொய்மீன், நம்பும் கொடுவா

தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி, பாலாற்றின் குறுக்கே அமைந்தது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக 348 கி.மீ. கடந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வழியெங்கும் மணல்தான். ஆகவே தங்கவயல் நண்பர்களுக்குக் கொடுவா மீன் பிடிக்கும் ஆசை வந்தால், ஆற்றின் மறுமுனைக்குத்தான் போக வேண்டும்.

வங்காளிகள் பெட்கி என்றும் ஆஸ்திரேலியர்கள் பாராமண்டி என்றும் சொல்வது இந்தக் கொடுவாவைத்தான். நன்னீரிலும் கழிமுகத்திலும் வளரும். முட்டையிட உப்புநீருக்கு இறங்கும். ஏரியில் குஞ்சு விட்டால் வளருமே தவிர, பெருகாது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல், இந்தியாவில் முதன்முறையாக, இதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள், லூர் எனப்படும் பொய்மீனை வீசுவோருக்குப் பருவத்தின் கடைசிக் கட்டம். வெள்ளத்தின் கலங்கல் தெளியத் தொடங்கியிருக்கும். ஓதம் இறங்கும்போது மடவைக் குஞ்சுகளும் இறாலும் நீரோட்டத்தோடு முகத்துவாரத்துக்கு வரும். கொடுவா துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கிப் பிடிப்பதையே விரும்பும். பாறை, பாலத்தூண் ஆகியவற்றின் மறைவில், ஓட்டம் தணிந்த இடத்தில் காத்திருக்கும்.

பிளாஸ்டிக் மீனை அது ஏன் நம்புகிறது? மீனின் விலாவில் தலை முதல் வால்வரை ஓடும் பக்கக்கோட்டில் நுண்ணிய மயிர்ச்செல்கள் உண்டு. நம் உட்செவியில் ஒலியை உணர்வதும் இதே வகைச் செல்கள்தான். அருகில் நீர் அசைந்தால் அவை வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். லூரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு நீரைக் கிழிக்கும்போது இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் பிரியும். அதனால் லூர் நடுங்கும். கலங்கிய நீரில் வண்ணத்தைவிட இந்த நடுக்கமே மீனை இழுக்கும். கிட்டே வந்ததும் கொடுவா வாயையும் செவுளறையையும் ஒரே நொடியில் விரிக்க, உள்ளே அழுத்தம் குறைந்து, நீரோடு இரையும் வாய்க்குள் பாயும். கரைவரை கேட்கும் ‘டப்’ ஓசை அதனுடையது.

கொடுவாவின் உடல்சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. சுமார் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ்வரை அது சுறுசுறுப்பாகத் தின்னும். பனிக்கால இரவுகளில் ஆழமற்ற காயல்நீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும். வேகமாக ஓடும் இரையைத் துரத்தாது. எனவே ரீலை மெல்லச் சுற்றி, இடையிடையே நிறுத்த வேண்டும். வெயில் ஏறி நீர் சூடேறும்வரை காத்திருப்பதும் பலன் தரும்.

நண்பர்கள் சேர்ந்து போவதில் அறிவியல் லாபமும் உண்டு. ஆளுக்கு ஒரே மாதிரி லூரை வீசாமல், ஒருவர் மேல்மட்டம், ஒருவர் நடுநீர், ஒருவர் அடிமட்டம் என்று பிரித்துக்கொள்ளலாம். யாருக்கு முதலில் கடி கிடைக்கிறதோ, அந்த ஆழத்துக்கு எல்லோரும் மாறலாம். தனியாளுக்கு அரைநாள் பிடிக்கும் சோதனை சீக்கிரமே முடிந்துவிடும்.

படமெடுக்கப் பெரிய மீன் கிடைத்தால் அங்கேதான் நிதானம் தேவை. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் இனம். மிகப் பெரிய மீன்கள் அநேகமாக எல்லாமே பெண், லட்சக்கணக்கில் முட்டையிடுபவை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் திரும்ப விட வேண்டும் என்பது பொதுவிதி. குழம்புக்கு நடுத்தர மீன் போதும். பெரியதைக் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, தண்ணீரிலேயே தூண்டில் முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டி விட்டுவிடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் முன்கூட்டியே நசுக்கி வைத்தால் இவ்வளவும் ஒரு நிமிட வேலை.