அடுக்கில் லாக் வந்தால்: வெட்டுவதற்கு முன் அடிமானத்தைப் பாருங்கள்

நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் அடுக்கும் மடக்கையும் ஒரே பாடத்தில் வருகின்றன. 3^(லாக்₃ 7) என்று பார்த்ததும் (^ குறி அடுக்கைக் காட்டுகிறது), "3-ஐயும் லாக்கையும் வெட்டிடலாம், விடை 7" என்று பல மாணவர்கள் சொல்வார்கள். விடை சரிதான். ஆனா, ஏன் சரி என்று தெரியாவிட்டால் அடுத்த கணக்கிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

லாக்₃ 7 என்பது ஓர் எண். 3-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 7 கிடைக்கும் என்ற கேள்விக்கு அதுதான் பதில். அந்த எண்ணையே 3-இன் அடுக்கில் வைத்தால் 7 தானே வரும்? அவ்வளவுதான் விதி. ஆனால் இரண்டு அடிமானமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுக்கில் லாக்கைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இல்லையென்றால் முதலில் அந்த வடிவத்துக்குக் கொண்டு வர வேண்டும்.

1. லாக்குக்கு முன்னால் கெழு இருந்தால்: 2^(3 லாக்₂ 5)
கெழுவை உள்ளே அடுக்காக ஏற்றுங்கள்.
2^(லாக்₂ 5³) = 5³ = 125. (15 அல்ல!)

2. அடுக்கில் கூட்டல் இருந்தால்: 2^(3 + லாக்₂ 5)
அடுக்கில் கூட்டல் என்றால், பிரிக்கும்போது பெருக்கல்.
2³ × 2^(லாக்₂ 5) = 8 × 5 = 40. (8 + 5 அல்ல!)

3. அடிமானம் வேறாக இருந்தால்: 9^(லாக்₃ 5)
9-ஐ 3² என்று மாற்றுங்கள்.
3^(2 லாக்₃ 5) = 3^(லாக்₃ 5²) = 25.

மூன்றாவது கணக்கில் சிலர் 5 என்று எழுதிவிடுவார்கள். அது தவறு என்று கால்குலேட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். 3¹ = 3, 3² = 9. இவற்றுக்கு இடையில் 5 இருப்பதால், லாக்₃ 5 என்பது 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கும். ஆகவே 9^(லாக்₃ 5) என்பது 9-க்கும் 81-க்கும் நடுவில்தான் வர முடியும். 5 எப்படி வரும்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பாடத்தில் "வெட்டு" என்ற சொல்லைத் தவிர்க்கலாம். பின்னத்தில் வெட்டுவது பொதுக் காரணியை. இங்கே நடப்பது வேறு: அடுக்கும் லாக்கும் ஒன்றின் வேலையை மற்றொன்று திருப்பிவிடுகின்றன. வெட்டப் பழகிய மாணவர் அடிமானத்தைப் பார்க்காமலே வெட்டிவிடுவார், புள்ளியும் போய்விடும்.

செய்து பாருங்கள்:
அ) 25^(லாக்₅ 3)
ஆ) 10^(2 − லாக்₁₀ 4)
இ) 8^(லாக்₂ 3)

விடைகள்: அ) 9, ஆ) 25, இ) 27