ஊவா மலைநாட்டிற் சிறுநீரக நோயும் சிகிச்சை வாழ்வும்

ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டம் இருவேறு நிலங்களை ஒருங்கே உடையது. பசறை, நமுனுகுலை, அப்புத்தளை எனத் தேயிலை போர்த்த மலைகள் ஒருபால். மகாவலி நீர் பாயும் மகியங்கனை, கிராந்துருகோட்டை வயல்கள் மற்றொருபால். நாட்பட்ட சிறுநீரக நோய் இரண்டிடத்தும் உண்டு. ஆயின் அதன் தோற்றம் ஒன்றன்று. 1990களில் வடமத்திய மாகாண உழவரிடையே கவனிக்கப்பட்டு, காரணம் அறியா நோய் எனப் பெயர்பெற்ற பிணி கிராந்துருகோட்டையையும் பற்றியது. கிணற்றுநீரின் வன்மை, புளோரைட்டு, வேளாண் நஞ்சுகள், வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனப் பல கூறப்படினும் முடிந்த முடிபு எட்டப்படவில்லை. மலைத் தோட்டங்களிலோ, உலகின் பிறவிடங்களிற் போல, நீரிழிவும் உயர் குருதியமுக்கமுமே முதற்கண் ஐயுறத்தக்கவை.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர்மத்தை வடித்து, பெரும்பகுதியை உடலுக்கே மீட்டளித்து, ஒன்றரை லீற்றரளவையே சிறுநீராக வெளியேற்றுவன. இத்திறனிற் பாதி குறைந்தபின்னும் நோவு தோன்றாதிருத்தல் இவ்வுறுப்பின் இயல்பு. கால் வீக்கத்தையும் களைப்பையும் மலையேறிய அலுப்பென்று கொழுந்து பறிப்பவர் தள்ளிவிடுதல் எளிது. குருதியிற் கிரியற்றினினையும் சிறுநீரிற் புரதத்தையும் சோதித்தாலன்றி நோய் வெளிப்படாது. தொடக்கத்தில் அறியின் மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் அதன் ஓட்டத்தைத் தளர்த்தும். இழந்த திறன் பெரும்பாலும் மீளாது.

திறன் நூற்றுக்குப் பதினைந்திற்குக் கீழ் வீழ்ந்தபின், மாற்றுச் சிறுநீரகம் பெறாதார்க்குக் குருதி சுத்திகரிப்பே துணையாகின்றது. ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப் 1943இல் அதற்குரிய இயந்திரத்தை அமைத்தார். ஆயினும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குருதிக்குழாயைத் திறக்கவேண்டியிருந்தமையால் நெடுநாட் சிகிச்சை இயலவில்லை. 1960இல் சியாற்றில் நகரிற் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிலையான இணைப்பை அமைத்த பின்னரே அது ஆண்டுக்கணக்கில் நடத்தத்தக்கதாயிற்று.

தோட்டத்தில் அவ்வாறு நடத்துதல் எளிதன்று. வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பதுளைக்கு வந்து மீளும் பஸ் பயணத்தையும் கூட்டினால் ஒரு நாள் கழியும். பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. நாடியும் நாளமும் இணைக்கப்பெற்ற கையாற் பாரந் தூக்கலாகாது. கொழுந்துக் கூடையைத் தலைக்கயிறு தாங்கினும், நிறுவைக்கு இறக்குவன கைகளேயன்றோ?

உணவும் மாறவேண்டும். கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுதியால் விலக்கப்படும். காய்கறிகளையும் உருளைக்கிழங்கையும் சிறிதாக நறுக்கி, நிறைந்த நீரில் அவித்து, அந்நீரை வடித்தெறியின் பொற்றாசியம் குறையும். நோயாளரைக் காண வருவோர் அன்போடு கொணரும் இளநீர் பொற்றாசியம் மிக்கதாதலின் இவர்க்கு ஆகாது. காமரங்காயோ உயிருக்கே தீங்கு செய்யவல்லது. சிறுநீர் குன்றியவர்க்கு நீருக்கும் அளவுண்டு. குளிர்காலையிற் பருகும் சாயத் தண்ணீரும் அவ்வளவிற் சேரும்.

வயிற்றறையினுள் மருந்துநீரைச் செலுத்தி வீட்டிலேயே செய்யும் சுத்திகரிப்பு பயணத்தைத் தவிர்க்கும். ஆயின் நாளுக்கு நான்கு முறையளவு அந்நீரை மாற்றுதற்குப் புகையும் தூசியுமற்ற ஒரு மூலை வேண்டும். இன்றேல் வயிற்றில் தொற்று உண்டாகும். அடுப்பும் படுக்கையும் அருகருகே அமைந்த லயத்து அறையில் அம்மூலையை ஒதுக்குதலும், கனத்த மருந்துநீர்ப் பெட்டிகளை மலைப்பாதையில் ஏற்றிச் சேர்த்தலும் குடும்பத்தார் கைகளையே சார்ந்துள்ளன.